கிணற்றடியில் நின்றவள்

அப்பாவின் சட்டையில் எப்போதும் பினாயில் வாசனை இருக்கும். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒரு லாட்ஜில் அவர் மேனேஜர். மேனேஜர் என்பது பெயருக்குத்தான், ஆள் வராத நாளில் அறை கழுவுவதும் அவரே. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு அந்த வாசனையோடு அவர் தரையில் சாய்ந்தால் நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், ஏனென்றால் அப்போதுதான் அவர் ‘நம்ம படம்’ சொல்லுவார்.

நம்ம படம் என்பது லாட்ஜின் மாடி அறையில் தங்கி ஓர் இளம் இயக்குநர் எழுதிக்கொண்டிருந்த கதை. அவருடைய முதல் படத்தைப் பார்த்து மதுரையே வாயைப் பிளந்திருந்தது. தயாரிப்பாளர் பெரிய ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்தும், முதல் படத்தை எழுதிய அறைதான் ‘ராசி’ என்று இங்கேயே வந்துவிட்டார். எழுதியதை யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டுமே, டீ கொண்டுபோன அப்பா மாட்டிக்கொண்டார். அவர் அப்பாவிடம் சொன்னதை அப்பா வாராவாரம் எங்களுக்குச் சொன்னார்.

கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கிய ஓர் அக்கா. அந்தத் தம்பி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கிணற்றில் அவளுக்கிருந்த பங்கையும் சேர்த்து விற்றுவிடுகிறான். அவள் பஞ்சாயத்துக்கும் போகவில்லை, அழவுமில்லை. விடிந்ததும் வாளியோடு கிணற்றடிக்குப் போகிறாள். “ஒத்த வார்த்த பேச மாட்டா. எறைக்கிறா, திரும்பக் கெணத்துக்குள்ளயே ஊத்துறா. எறைக்கிறா, ஊத்துறா. தம்பிக்காரன் வந்து முன்னால நிக்கிற வரைக்கும்” என்று அப்பா படுத்தபடியே கயிறு இழுத்துக் காட்டுவார். முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் அம்மா, “வந்தானா, வரலையா?” என்பாள். “அத தம்பி இன்னும் எழுதல” என்பார் அப்பா. இயக்குநரை அவர் தம்பி என்றுதான் சொல்லுவார்.

அக்காவாக நடிக்கப்போவது யாரென்றும் எங்களுக்குத் தெரியும். எல்லாப் படத்திலும் கதாநாயகனுக்கு அம்மாவாக வந்து, இரண்டு தடவை அழுது, இடைவேளைக்குள் செத்துப்போகும் ஒரு நடிகை. “அந்தம்மாகிட்ட அம்புட்டு நடிப்பு கெடக்கு, எவனும் கேட்டு வாங்கல. இந்தப் படத்துல பாரு” என்று அப்பா சவால் விடுவார். தன் காலத்தில் ஒரு நல்ல காரியம் நடக்கப் போகிறது, அதில் தனக்கும் ஒரு டீ அளவு பங்கு இருக்கிறது என்று அவர் நம்பினார். வேறு எதையும் அவர் அப்படி நம்பி நான் பார்த்ததில்லை.

படம் வந்த அன்று முதல் காட்சிக்கே போனோம். தம்பி வேடத்துக்கு ஒரு பெரிய ‘ஹீரோ’ கிடைத்திருந்தார், அதிலேயே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கிணறு வந்தது, அந்த அம்மாள் வாளியோடு வந்து நின்றாள், அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். அவள் கயிற்றைத் தொடுவதற்குள் எங்கிருந்தோ அடியாட்கள் வந்தார்கள், கதாநாயகன் மேலிருந்து கிணற்றுக்குள் குதித்தான், தண்ணீருக்குள் சண்டை, தியேட்டர் முழுக்க விசில். அந்த அம்மாள் வழக்கம்போல இரண்டு தடவை அழுது, கத்திக்குத்து வாங்கி, இடைவேளைக்குள் செத்துப்போனாள். விசிலடித்தவர்களே மறுநாள் ‘மொக்கை’ என்றார்கள், ஒரு வாரத்தில் படம் ஊத்திக்கொண்டது. வெளியே வரும்போது அம்மா, “நீங்க சொன்ன படம்தாங்க நல்லாருந்துச்சு. அதையே இன்னொருக்கா சொல்லுங்க” என்றாள்.

அறையைக் காலி செய்ய இயக்குநர் வந்தபோது நான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். “அந்தக் கெணத்தடி சீன எடுக்கவே இல்லியா தம்பி?” என்று அப்பா கேட்டார்.

“எடுத்தேண்ணே. ஒரு நா பூரா எடுத்தேன். அந்தம்மா எறைச்சு ஊத்துனத பாத்துட்டு லைட்டு பிடிக்கிறவன் அழுதுட்டான். ஹீரோ இல்லாத சீன் இம்புட்டு நீளம் எதுக்குன்னு வெட்டிட்டாங்க.”

“நீங்க வெட்ட வேணாம்னு சொல்லலியா?”

“அடுத்த படம் தாரேன்னாங்கண்ணே.”

“வெட்டுனத எங்க வச்சிருக்காங்க?”

“எங்கயும் இல்லண்ணே. வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு வரவில்லை. அப்பாவும் அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை சொல்லாமல் தூங்க ஆரம்பித்தார்.

மோசமான படங்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் எடுத்தால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். தெரிந்தவர்கள் கூடி நின்று கெடுத்ததுதான் இன்றுவரை ஆறவில்லை. அந்த இயக்குநர் சொன்னபடியே அடுத்த படம் எடுத்தார், அதற்கடுத்ததும் எடுத்தார், ஒவ்வொன்றிலும் இரண்டு நல்ல நடிகர்களைக் கூட்டிவந்து வீணடித்தார், இப்போது ஏதோ ஒரு டிவி நடன நிகழ்ச்சியில் நடுவராக உட்கார்ந்து கைதட்டுகிறார். அந்த அம்மாள் இறந்த அன்று எல்லாச் சேனலிலும் அவள் அழுவதையே காட்டினார்கள், காட்டுவதற்கு அவர்களிடம் வேறெதுவும் இல்லை. லாட்ஜ் இருந்த இடத்தில் செல்போன் கடைகள் வந்துவிட்டன. அப்பாவும் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் மின்சாரம் போனபோது என் மகள் கதை கேட்டாள். எங்கும் மிச்சமில்லாத அந்தக் காட்சி என்னிடமாவது இருக்கிறதே என்று ஆசையாக ஆரம்பித்தேன். அக்கா வாளியோடு கிணற்றடிக்குப் போகிறாள் என்றேன். “அப்புறம்?” என்றாள். அப்பா சொன்ன அந்த அக்காவை வரவழைக்கக் கண்ணை மூடினேன். எவ்வளவு முயன்றும் அவள் கயிற்றைத் தொடவில்லை, அதற்குள் மேலிருந்து அந்தக் கதாநாயகன்தான் குதிக்கிறான்.