மருத மரத்தில் தொங்கிய வெள்ளைக் கூடு

நெல்லிவாசல்நாட்டு லட்சுமணன் தேனெடுக்கத் தொடங்கிய இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மரத்தைக்கூடத் தப்பாகக் கட்டியதில்லை. தேன்கூட்டை முதலில் பார்த்தவர் மரத்தடியில் கொடியால் முடிச்சுப் போடுவார். பிறகு வேறு யாரும் தொட மாட்டார்கள். கட்டிய மரத்தில் கூடு இல்லையென்றால், கட்டியவர் அடுத்த ஆடி முடியும்வரை வேறு மரம் கட்டக் கூடாது. மலையில் அதுதான் முறை.

1979, ஐப்பசி 13, செவ்வாய்க்கிழமை விடியற்காலை. ஓடையோர மருத மரத்தில், நாற்பதடி உயரத்தில், பனிமூட்டத்துக்குள் புதுத் தேனடைபோல ஏதோ வெள்ளையாகத் தொங்கியது. கீழே இலைகளில் தேனீக் கழிவு தெறித்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். இல்லை. மூன்று நாள் மழை கழுவியிருக்கும் என்று நினைத்து முடிச்சைப் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை மனைவியின் தம்பி அர்ச்சுனன் குடத்தோடு கீழே நிற்க, லட்சுமணன் புகைப்பந்தத்துடன் ஏறினார். கிட்டப் போயும் ஒரு தேனீகூடப் பறக்கவில்லை.

மெழுகும் இல்லை, அறையும் இல்லை. பட்டுப்போன கிளையிலிருந்து புறப்பட்ட காளான் அது. குடை கிடையாது. நூறு நூறாக வெள்ளைப் பற்கள், சுண்டுவிரல் நீளத்தில், ஊசி நுனியோடு, அத்தனையும் நேர்கீழே பார்த்துத் தொங்கின. நுனிக்கு நுனி ஒரு துளி நீர். ஒரு பல்கூடக் கோணலில்லை. புகை படாமல் பந்தத்தை விலக்கிப் பிடித்தார். மூச்சு விடவே பயமாக இருந்தது.

“இன்னா மாமா, பேச்சே காணோம்? எத்தினி குடம் வரும்?”

ஈ ஓடிப்போச்சு, அடை காஞ்சு கெடக்குது என்று சொன்னால் போதும், அந்த வருஷத் தேன் தப்பிக்கும். வெட்டிப் புதரில் வீசிவிட்டால் கேட்பாரும் இல்லை. கத்தி இடுப்பில்தான் இருந்தது. கை அதன் பக்கம் போகவில்லை.

“கூடு இல்லடா. தப்பாக் கட்டிட்டேன்.”

“அட, மாமனுக்குக் கண்ணு போச்சா! இனிமே எங்கக்காதான் மரம் ஏறணும் போல!”

“சிரிச்சது போதும். மேல வந்து பாரு.”

அர்ச்சுனன் சிரித்துக்கொண்டேதான் ஏறினான். பல்வரிசைக்கு நேராக முகம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

“யாரு மாமா இத இப்டி சீவி வெச்சது?”

“எனக்கின்னா தெரியும்? ஆட்டாம நில்லு.”

வெயில் ஏறும்வரை இருவரும் இறங்கவில்லை. ஏழாம் நாள் பற்கள் மஞ்சளித்து உதிர்ந்தன. அதற்குள் முப்பத்தொரு பேர் ஏறிப் பார்த்திருந்தார்கள்.

லட்சுமணன் அடுத்த ஆடி முடியும்வரை மரம் கட்டவில்லை. அர்ச்சுனன் கட்டிய ஒன்பது மரங்களுக்கும் கீழே நின்று குடம் பிடித்தார்.