உதவிக்கு வழக்கில்லை

பாரிசில் குடியிருந்துகொண்டு ஜேர்மன் சட்டத்தை ஜேர்மன் மொழியிலேயே படித்தேன் என்று சொன்னால், இப்போதும் ஆட்கள் என்னை ஒரு மாதிரித்தான் பார்க்கிறார்கள். அவர்களில் பிழையில்லை. பிரெஞ்சு நாட்டுக்கு வந்து ஜேர்மன் படிக்கிறவனுக்கு மண்டையில் ஏதோ கழன்றுவிட்டது என்று, பாரிசில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். என் காதுபடவும் பேசினார்கள்.

காரணம் சாதாரணமானது. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். கலவரத்தோடு அந்தப் படிப்பு நின்றது. பிறகு மேற்கு ஜேர்மனியில் ஒரு சிறு ஊரின் அகதி விடுதியில் கொஞ்சக்காலம் இருந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. விட்டுவைத்த ஒரே காரியம் தேவாலய மண்டபத்தில் நடந்த மொழி வகுப்புத்தான். பொழுது போகாத எரிச்சலில் விழுந்து விழுந்து படித்தேன். வாய் கொஞ்சம் திருந்தி வந்த நேரம் பார்த்து என் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். எல்லையைக் கடந்து பாரிசுக்கு வந்தேன். இங்கே அகதி அட்டை கிடைத்தது. ஆனால் கைவசம் இருந்த மொழியோ பக்கத்து நாட்டுடையது.

அந்த மொழியை வைத்து என்ன செய்வது என்று விசாரித்தபோது, பாரிஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு நாட்டுச் சட்டங்களையும் சேர்த்துப் படிப்பிக்கும் பிரிவு இருப்பதாக அறிந்தேன். ஜேர்மன் குடியியல் சட்டத்தை அங்கே ஜேர்மன் மொழியிலேயே நடத்தினார்கள். கொழும்புச் சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை. பதிவு செய்யும் கந்தோரில் இருந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு வருடம் வகுப்புக்கு வரலாம் என்றார். ஜேர்மன் சட்டப் பரீட்சையில் தேறினால் முறையான மாணவனாகப் பதிவார்கள். தேறாவிட்டால் அதோடு சரி, இரண்டாம் தரம் கிடையாது. உணவகத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்த எனக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். சட்டி கழுவுவதில் கேவலம் எதுவும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் சில பேர் லா சப்பலில் ஓர் அறையில் இருந்தோம். மெட்ரோ அங்கே நிலத்துக்கு மேலால், தூண்களில் போகும். எங்கள் யன்னலும் அதே உயரத்தில் இருந்தது. ரயிலில் போகிறவர்கள் எங்கள் கறிச்சட்டியை எட்டிப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களுடைய பத்திரிகையை எட்டிப் பார்ப்போம். அறையில் எல்லாருக்கும் மூத்தவர் ஒரு மன்னார்க்காரர். அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். மனைவியையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு வந்து, துணி வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். முறைவைத்துச் சமைப்பதிலிருந்து என்னை நீக்கியது அவர்தான். மற்றவர்கள் முணுமுணுத்தபோது, "படிக்கிற பெடியன் வெங்காயம் உரிச்சாக் கண் கலங்கும். பிறகு எழுத்து எப்பிடித் தெரியும்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

படிப்பு லேசாக இருக்கவில்லை. விடுதியில் நான் கற்ற ஜேர்மன் பாண் வாங்கவும் பொலிஸ்காரனுக்குப் பதில் சொல்லவும் போதும். சட்டப் புத்தகத்தின் வசனம் ஒன்று பக்கத்தின் தலையில் தொடங்கிக் காலில் முடியும், வினைச்சொல் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். வழக்குகளில் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எழுத்துகள்தான். ஓர் எழுத்து விற்கும், இன்னோர் எழுத்து வாங்கும். அவர்கள் சொந்தக்காரரா, முன்னமே கோபதாபம் ஏதும் உண்டா என்று எவரும் சொல்லமாட்டார்கள். விடை எழுதவும் ஒரு முறை இருந்தது. முடிவை முதலில் சொல்லக்கூடாது. "இவருக்கு அவரிடம் கேட்க உரிமை இருக்கக்கூடும்" என்று தொடங்கி, அதற்கு என்னென்ன வேண்டும் என்று படிப்படியாகப் பார்த்து, கடைசியில்தான் உண்டு அல்லது இல்லை என்று சொல்லவேண்டும். நான் அறைக்குள் நடந்து நடந்து தமிழில் சொல்லிப் பழகியதில் எல்லாருக்கும் அது தொற்றிவிட்டது. அண்ணை மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இது நல்ல மீனாய் இருக்கக்கூடும். முதலாவது, கண் தெளிவாய் இருக்கவேணும். இரண்டாவது, செவுள் சிவப்பாய் இருக்கவேணும். தம்பி, உரிமை உண்டோ இல்லையோ?" என்பார். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

மாதத்தில் சில நாட்கள் எல்லைக்கு அப்பாலிருந்து ரயிலேறி வந்து படிப்பிக்கும் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். ரயிலில் ஒருவர் தூங்கப் போகிறார். இன்ன நிலையம் வந்ததும் எழுப்பிவிடுங்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார். அவரும் சரி என்கிறார், ஆனால் மறந்துவிடுகிறார். தூங்கியவருக்குப் பெரிய நட்டம். வழக்குப் போடலாமா? நான் முந்திரிக்கொட்டையாகக் கையை உயர்த்தி, "நிச்சயமாக" என்றேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அது வெறும் தயவு என்றார் அவர். சட்டத்தால் தன்னைக் கட்டிக்கொள்ளும் எண்ணம் அங்கே இல்லை, ஆகவே ஒப்பந்தமும் இல்லை. செய்தால் நல்லது, செய்யாவிட்டால் கேட்க முடியாது.

எனக்கு அது இறங்கவேயில்லை. பயிற்சித் தேர்விலும் அதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. அயலவனுக்குக் கொடுத்த வாக்கு வாக்குத்தான், உரிமை உண்டு என்று பக்கம் பக்கமாக எழுதினேன். விடைத்தாள் சிவப்பாகத் திரும்பி வந்தது. "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இது சட்டம் இல்லை" என்று அடியில் எழுதியிருந்தார். நல்ல மூக்குடைப்பு. வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன். லா சப்பலில் எங்களிடம் உதவியைத் தவிர வேறு என்ன இருந்தது? கடிதம் வர முகவரி தந்தவன் ஒருவன், அகதி அட்டை கொடுக்கும் பிரெபெக்சரில் விடியமுன்னம் வரிசையில் இடம் பிடித்துத் தந்தவன் ஒருவன். குளிர்ச்சட்டை ஒன்று எத்தனையோ தோள் மாறி என்னிடம் வந்திருந்தது. எதற்கும் கையொப்பம் இல்லை. இதெல்லாம் சட்டத்துக்கு வெளியே என்றால், நாங்கள் எல்லாருமே வெளியேதான் நின்றோம். அண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு விளங்கேல்லை. சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.

பரீட்சை வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமை பகலில் விழுந்தது. அது கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாகத் தேவநற்கருணை வாங்கும் புதுநன்மைக் காலம். பிள்ளைகளுக்கு நன்மை கொடுத்த குடும்பங்கள் விருந்துக்கு உணவகத்தில் மேசை பிடித்திருந்தார்கள். அன்று வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். வேலை போனால் வாடகையில் என் பங்கு போகும், அறையும் போகும். நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து அண்ணை கேட்டார். சொன்னேன்.

"அண்டைக்கு எனக்கு லீவு. நான் போறன்" என்றார்.

"முதலாளி ஒத்துக்கொள்ளுவாரோ தெரியேல்லை."

"சட்டிக்கு ஆளைத் தெரியுமே? நீ போய் எழுது."

முதலாளிக்குக் கை ஒன்று நின்றால் போதும், ஒத்துக்கொண்டார்.

பரீட்சைத் தாளைத் திறந்தேன். ஒருவர் தன் வீட்டு அடுப்பைத் திருத்த வருகிறவனுக்குக் கதவு திறந்துவிடச் சொல்லி அயலவரிடம் சாவியைக் கொடுக்கிறார். அயலவர் சரி என்றுவிட்டு மறந்துபோகிறார். வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாமே என்று பல்லைக் கடித்தேன். பழைய பிடிவாதம் தலைதூக்கியது. அப்போதுதான் நினைத்தேன், இந்த நேரம் அண்ணை என்னுடைய தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் போகாமல் விட்டிருந்தால் நான் கோர்ட்டில் ஏறி நின்று, "கனம் நீதிபதி அவர்களே, இவர் சட்டி கழுவ வருவதாகச் சொன்னார்" என்று முறையிடுவேனா? நினைக்கவே வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. படிப்படியாக எழுதினேன். கடைசி வரி, உரிமை இல்லை. சரியான விடை அதுதான் என்று தெரிந்தும், அண்ணையைக் காட்டிக்கொடுப்பதுபோல எனக்கு இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது அண்ணை இன்னும் வந்திருக்கவில்லை. கட்டிலில் கிடந்த அறைக்காரன் ஒருவன், "உனக்குத் தெரியாதே? அண்ணை மத்தியானம் மனிசியோட கதைக்கிற நாளெல்லோ இண்டைக்கு" என்றான். அந்தக் காலத்தில் ஊருக்குப் பேசுவது என்றால் முதலில் கடிதம் போட்டு நாளும் நேரமும் குறிக்கவேண்டும். அவருடைய மனைவி கிராமத்திலிருந்து பஸ் பிடித்து, மகளோடு மன்னார் பட்டினத்துக் கடை ஒன்றில் வந்து காத்திருப்பார். இங்கிருந்து எடுக்காவிட்டால் இருட்டமுன் திரும்பிப் போவார். மறுபடியும் ஒரு நாள் குறிக்க இன்னொரு கடிதம் போகவேண்டும்.

அண்ணை வந்தார். விரல்கள் எல்லாம் வெளிறிச் சுருங்கியிருந்தன. "ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று கத்தினேன். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் சண்டைக்குப் போனேன்.

"சொன்னா நீ போயிருப்பியே? சும்மா இரு. இந்தப் பிரெஞ்சுக்காரர் ஒரு நேரச் சாப்பாட்டுக்கு எத்தினை கோப்பைதான் எடுக்கிறாங்கள்" என்றபடி சட்டையைக் கழற்றினார்.

பெறுபேறு வருமுன்னமே அவருக்கு ஊர் லைன் கிடைத்தது. கூடப் போன என்னிடமும் ரிசீவரைத் தந்தார். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல், "தம்பி, பாஸோ?" என்றது.

"இன்னும் தெரியாது அக்கா. அண்டைக்கு உங்களைக் காக்க வைச்சதுக்கு..."

"அதை விடுங்கோ. நான் மடுக் கோயில் மாதாவிட்டைச் சொல்லிப்போட்டன்."

அதற்குப் பிறகு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை. தோற்றால் அந்த மனுசியின் பஸ் பயணமும் காத்திருப்பும் வீண்.

தேறினேன். புள்ளி ஒன்றும் தூக்கிக் கொண்டாடும்படி இல்லை. ஆனால் பதிவு செய்தார்கள், மாணவ அட்டை தந்தார்கள். பிறகு என் வாழ்க்கை போன பாதை எல்லாம் அந்த அட்டையிலிருந்துதான் தொடங்கியது. இன்றைக்கும் வக்கீல் என்று யாராவது என்னைக் கூப்பிட்டால், முதலில் அந்த வெளிறிய விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. எனக்கு அவரிடம் இருந்த நன்றியை எந்த மொழியிலும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை.

பெறுபேறு வந்த அன்று பின்னேரம் ஆட்டிறைச்சி வாங்கி நானே சமைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பரீட்சையில் வந்த கேள்வியை அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். அவர் எலும்பைக் கடித்தபடி கேட்டார்.

"அப்ப அண்டைக்கு நான் போகாமல் விட்டிருந்தா, உன்ரை சட்டப்படி நீ என்னை என்ன செய்திருப்பாய்?"

"ஒண்டும் செய்யேலாது அண்ணை. ஏன் வரேல்லை எண்டு கேக்கவும் ஏலாது."

அண்ணை எலும்பைக் கோப்பையில் வைத்தார்.

"கேக்க ஏலுமெண்டா நான் போயிருக்கவே மாட்டன்."