மூடிக்கு வைத்த சந்தனம்

யமுனையில் எங்கள் துறைக்கு நான்கு மீட்புப் படகுகள். நான்குக்கும் வைத்தியர் ஒருவர்தான், மெக்கானிக் சந்திரமௌலி. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எனக்கு மேல்வீடு. இருபத்தாறு வருஷமாக மோட்டார் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார், சொன்னது தப்பியதில்லை. அந்தத் தலைக்கனத்தை நாங்கள்தான் சுமக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்குப் படகுகளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைப்பார். அந்த வழக்கத்தைத் துறைக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

இந்த வருஷம் தசராவுக்கு மறுநாள் மாதுரிக்கு ஓட்டுநர் தேர்வு. படகு ஓட்ட வந்த முதல் பெண். மறுகரையைத் தொட்டுத் திரும்ப வேண்டும். அவள் தவறால் படகு நின்றால் வேலை கிடையாது. அதிகாரியும் மௌலியும் ஏறினார்கள், குறிப்பெழுத குமாஸ்தா நானும்.

நடு ஆற்றில் மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"பெட்ரோல்ல தண்ணி, ஜம்பு. காலைல ரொப்பினது இவதானே" என்றார் மௌலி என்னிடம். அதையே அதிகாரியிடம் இந்தியில் சொன்னார்.

மாதுரியின் முகம் சுண்டிவிட்டது. வடிகட்டித்தான் ஊற்றினேன் என்றாள். அதிகாரி என் பேனாவைப் பார்த்தார். எழுத எனக்கு மனசே வரவில்லை.

அவள் அழவில்லை. குனிந்து, பெட்ரோல் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் குமிழைத் தூக்கிக் காட்டினாள். "பையா, யே தேகியே." அண்ணா, இதைப் பாருங்கள் என்றாள்.

குமிழ் அப்பளம் போலச் சப்பையாகியிருந்தது. மௌலிக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? டாங்க்குக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் வெளியே வரும்; இல்லாவிட்டால் குமிழ் இப்படித்தான் ஒட்டிப்போகும். காற்று போக மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு.

துளை இருந்த இடத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

மௌலியின் கட்டைவிரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. அதிகாரி கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தால் சுரண்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் அவரை நான் வெறுத்தேன்.

விரலை எடுத்தார். "சாப், கல்தி மேரி ஹை", தப்பு என்னுடையது என்று மூடியை அதிகாரியிடம் நீட்டினார்.

பிறகு குண்டூசியால் துளையைக் குத்தினார். மாதுரி குமிழை அமுக்க, அது உப்பிக் கெட்டியானது. முதல் இழுப்பிலேயே மோட்டார் பிடித்துக்கொண்டது.

படகு நின்ற காரணம் என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. நான் தயங்கினேன்.

"எழுது, ஜம்பு" என்றார் மௌலி. "மெக்கானிக் வச்ச சந்தனம்னு எழுது. ஓட்டினவ மேல தப்பு இல்லேன்னு முதல்ல எழுது."