முகூர்த்தத்துக்கு முதல் நாள் அவுட்டாகாத அண்ணன்

அண்ணன் போய் வருஷம் ஒன்றாகிவிட்டது. "தங்கச்சி நீதான் எழுதணும், அவரோட பொறுமையைப் பத்தி எழுது" என்கிறார்கள் உறவினர்கள். எழுதுகிறேன். அந்தப் பொறுமையால் நாங்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த அண்ணன், அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட் ஆடிப் பழகியவர். வெடித்த களிமண்ணில் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பிள்ளையாருக்கே தெரியாது. அதனால் அடிப்பதைவிடத் தடுப்பதில் கெட்டிக்காரரானார். மாநில அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராகப் பல ஆண்டுகள் ஆடினார். அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை மனக்குறைதான். "மட்டையக் கையில குடுத்தா அடிக்க வேணாமா? மடை அடைக்கிற மாதிரி நிக்கிறானே!" என்பார்.

சம்பா அறுவடை முடிந்து தை மாதத்தில்தான் எங்கள் பக்கம் கல்யாணங்கள். மாநில ஆட்டங்களும் அப்போதுதான். தைக்குத் தை தட்டிப்போய், ஒருவழியாகத் திருத்துறைப்பூண்டியில் பெண் அமைந்தது. சென்னை ஆட்டம் முடியும் நாளுக்கு மறுநாள் காலையே முகூர்த்தம் குறித்தார் அப்பா. நம் அணி எப்படியும் ஒரு நாள் முன்னதாகவே தோற்றுவிடும் என்பது அவர் கணக்கு.

தோற்கவில்லை. கடைசி நாள் அண்ணன் நின்றுவிட்டார். அவர் அவுட்டானால் அணி தோற்கும், நின்றால் டிரா. இன்னும் அவுட்டாகவில்லை என்று மண்டபத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

"மாப்பிள்ளை எப்பங்க வருவாரு?" என்று கேட்டார், கல்யாணத்துக்கென்றே சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பெண்ணின் தாய்மாமன்.

"அவுட்டானதும் வந்துடுவான்ங்க" என்றார் அப்பா.

"எப்ப அவுட்டாவாரு?"

"அதைத்தாங்க அங்க பந்து போடுறவங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

தாய்மாமனுக்கு வந்ததே கோபம்! "முகூர்த்தத்துக்கு ஆள் வரலைன்னா பொண்ணோட அத்தை மகனுக்கே கட்டி வச்சுடுவோம்" என்று சொல்லிவிட்டார். அத்தை மகனும் சவரம் செய்துகொண்டு, பட்டு வேட்டியோடு தயாராக உட்கார்ந்துவிட்டார். பெற்ற மகன் அவுட்டாக வேண்டும் என்று மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்ட தாய், உலகத்தில் எங்கள் அம்மா ஒருவராகத்தான் இருப்பார்.

ஆட்டம் டிரா. அண்ணன் கிடைத்த பஸ்ஸெல்லாம் மாறி, விடியும் நேரத்தில், ஆடிய அதே வெள்ளைச் சட்டை பேண்ட்டோடு மண்டப வாசலில் வந்து இறங்கினார். அவரை முன்பின் பார்த்திராத தாய்மாமன், "பேண்டு வாத்தியமெல்லாம் பின்பக்கம் போயி காபி சாப்பிடுங்க" என்றார். அண்ணனும் போய்ச் சாப்பிட்டார். அது பொறுமையா, பசியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாதான் பார்த்துவிட்டுக் காதைப் பிடித்து இழுத்து வந்தார்.

மனையில் உட்கார்ந்ததும் அண்ணி மெதுவாக, "எவ்வளவு அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு."

"நாள் முழுக்கவா?"

அண்ணி சிரித்த சிரிப்பில் தாலி கட்டுவதே கொஞ்சம் தாமதமானது.

அண்ணன் தஞ்சாவூர் மருத்துவமனையில் இருந்தபோது ரத்தம் கொடுத்த பழைய ஆட்டக்காரர்களுக்கும், எங்கள் குறுவை நடவைத் தங்கள் நடவாகப் பார்த்துக்கொண்ட பங்காளிகளுக்கும், காரியத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தல் போட்ட அந்த அத்தை மகனுக்கும் எங்கள் நன்றி.

அண்ணிக்கும் நன்றி எழுதப் போனேன். "எனக்கெதுக்கும்மா நன்றி? உங்க அண்ணன் மேல எனக்குக் கோபம்னு போடு" என்றார். "அன்னைக்கு நான் கழுத்தை நீட்டக் காத்துக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சும் நாள் முழுக்க நின்னாரு. இப்ப போகாதீங்கன்னு கையைப் புடிச்சிக்கிட்டுக் கெஞ்சினேன். நிக்கலையேம்மா."