சத்தம் போடாத பெட்டி

பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் மைக் செட் மத்தேயு என்றால் கைக்குழந்தைக்கும் தெரியும். மாதா கோயில் திருநாள், மாரியம்மன் திருவிழா, சடங்கு வீடு, எதுவானாலும் அவனுடைய ஒலிபெருக்கிக் குழாய்கள் இரண்டும் மரத்தில் ஏறிவிடும். இங்கே அவன் பாட்டுப் போட்டால் தூரத்து எல்ல ஊரில் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்துகொண்டு ஓடுவார்கள். ஒருமுறை குழாய்க்கு நேரே நின்ற கங்காணிக்கு மீசையில் பாதி பறந்துபோனது. மிச்சப் பாதியோடு அவர் மறுநாள் காலை ஆள் எண்ணும் பெரட்டுக்கு வந்ததை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் அவரையே கேட்கலாம். கத்திக் கேட்க வேண்டும். அன்றிலிருந்து அவருக்குக் காது மந்தம்.

அப்பேர்ப்பட்டவன் தன் ஆயுளில் ஒரே ஒரு பொருளைத்தான் சத்தம் போடாததாகப் பார்த்து வாங்கினான். அது ஒரு கேசிங். கம்ப்யூட்டரின் உறுப்புகளை உள்ளே வைத்து மூடுகிற தகரப் பெட்டி.

தொண்ணூறுகளில் தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராக அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். எழுத வராத வீடுகள் கசெட்டில் பேசி அனுப்பின. கசெட் ஒன்றுதான். இங்கே பேசியதை அங்கே கேட்டுவிட்டு அதன் மேலேயே அவள் பேசி அனுப்புவாள். அதைக் கேட்டுவிட்டு இவர்கள் அதன் மேலேயே பேசுவார்கள். ஒருவர் குரலை ஒருவர் அழித்துத்தான் நலம் விசாரித்துக்கொண்டார்கள்.

மகள் ஜெசீகா குவைத்துக்குப் போன பிறகுதான் மத்தேயுவுக்கு அது உறைத்தது. யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வரிசை வீடுகளான லயத்தின் கடைக்கோடியில் இருந்த தன் ஒற்றை அறைக் காம்பராவில் வைத்தான். பேச்சை அழிக்கும் முன்னால் அதில் ஒரு பிரதி எடுத்து வைப்பான். மற்ற வீட்டாருக்கும் எடுத்துக் கொடுத்தான். கசெட் போடுகிற ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற வயர் அவனிடம் இல்லை. மேசை மேல் கசெட்டை ஓடவிட்டு, எதிரே மைக்கை நிறுத்திவிடுவான், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியின் தகரம் அப்பளம் மாதிரி. உள்ளே எல்லாம் நெருக்கியடித்துக் கிடந்ததால் சூடேறிவிடும். சூடேறினால் அதன் சின்ன ஃபேன் தொண்டை கிழியக் கத்தும். அவன் சுவிட்சைப் போட்டால் பக்கத்துக் காம்பராக்காரி மழை பிடித்துக்கொண்டது என்று கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவாள்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஜெசீகாவின் கசெட் ஒன்று வந்தது. மத்தேயுவும் மனைவி இருதயம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். "சரிப்பா, வச்சிர்றேன். அம்மாவ மருந்த மறக்காமக் குடிக்கச் சொல்லுங்க" என்றதும் இருதயம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே பட்டனை அமுக்கினாள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். "வச்சிர்றேன்" வந்தால் கசெட் முடிந்தது. பிரதி எடுக்க அதைத் திரும்ப ஓடவிட்டு, மத்தேயு பின்பக்கம் போய்த் தேத்தண்ணி குடித்தான். மறுநாள் பதில் பேசினார்கள். இருதயம்மா சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாடா மிச்சமிருக்கு. சும்மா எதுக்கு வுடுற? பேசு, பேசு," என்றான் மத்தேயு.

அவளும் நாடா தீரும் மட்டும் பேசினாள். கசெட் தபாலில் போனது. திரும்ப வரவில்லை.

போனும் வரவில்லை. அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரர் முதலில் "வரும், வரும்" என்றார். அப்புறம், "அந்த வூட்டுல இப்ப அவ இல்லையாம்" என்றார். எங்கே என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. மாதங்கள் போயின. இருதயம்மா கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றபடியே அழப் பழகிக்கொண்டாள்.

குரலையாவது கேட்போம் என்று ஒருநாள் மத்தேயு பிரதியைப் போட்டான். "வச்சிர்றேன்" வந்த பிறகு நிறுத்த மனம் வரவில்லை, ஓடவிட்டான். கொஞ்சநேரம் வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்கு அடியிலிருந்து, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்:

"அப்பா, என்னைய வேற எடத்துக்கு மாத்தப் போறாங்க. அந்த எடத்துப் பேரு..."

மிச்சத்தை இரைச்சல் தின்றுவிட்டது. இருதயம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். அவளுக்கும் அவ்வளவுதான் கேட்டது.

"இந்தப் பொட்டிதான் கத்திக் கெடுக்குது," என்றான் மத்தேயு. ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினான்; அதற்குள்ளும் இரைச்சல் வந்தது. காதை மூடினாலும் உள்ளே நுழைகிறதே, எப்பேர்ப்பட்ட சனியன் பிடித்த பெட்டி என்று அதை ஓர் உதை உதைத்தான். அன்று முதல் அவனுக்கு ஒரே நினைப்பு: சத்தம் போடாத கேசிங்.

பதுளையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த மர்ஸூக்கிடம் போனான்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் அவரை 'நானா' என்பான். அங்கே அடுக்கியிருந்த கேசிங்குகளைப் பலாப்பழம் பார்ப்பதுபோல் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். டங்கென்றால் தள்ளினான். தொப்பென்றால் காதை வைத்தான்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி ஈக்கிதே மத்தேயு. ஒரு பாட்டுப் பாடச் சொல்லவா?"

"பாடாத பொண்ணாத்தான் வேணும் நானா."

மர்ஸூக் சிரித்துக்கொண்டே மூலையில் நின்ற கறுப்புப் பெட்டியை இழுத்து வந்தார். "அப்ப இத எடுங்க. தடிச்ச தகரம். உள்ளுக்கு நல்ல எடம், காத்து தாராளமா ஓடும். பெரிய ஃபேன், மெல்லச் சுத்தினாப் போதும். ரப்பர் வெச்சுத்தான் பூட்டியீக்கிது, அதிராது. ஆனா செல்லிட்டேன், இது ஒங்கட காம்பராவுக்குள்ள போனா நீங்க வெளியதான் படுக்கணும்."

"படுத்துக்கிறேன்."

மர்ஸூக்கின் சிரிப்பு நின்றது. "அப்பிடி என்னத்தக் கேக்கப் போறீங்க?"

"புள்ள பேசுனது ஒன்னு இருக்கு நானா."

"அதுக்கா கேசிங்? கொண்டு வாங்க, என்ட மெசின்ல போட்டுப் பாப்பம்."

"கடையில வச்சா? அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சொல்லியிருக்கா. என்னத்தச் சொல்லியிருக்காளோ! நாலு பேரு வந்து போற எடத்துல எம்புள்ள கொரல நான் போட மாட்டேன்."

மர்ஸூக் அந்தக் கறுப்புப் பெட்டியைத் துணியால் மூடி, அவனுக்கென்று ஒதுக்கி வைத்தார்.

மத்தேயு குழாய்கள் இரண்டையும் விற்றான். மீரியபெத்தப் பக்கமிருந்து வந்த ஒரு மைக் செட்காரன் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனான். கழுவும்போது ஒன்றுக்குள்ளிருந்து குருவிக்கூடு விழுந்தது. மகள் பேச்சு நின்ற நாளிலிருந்து அவன் அவற்றை மரத்தில் ஏற்றவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு, மர்ஸூக்கே தோட்டத்துக்கு வந்து எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார். சொன்னபடியே கட்டில் வாசலுக்குப் போனது. பழைய தகரப் பெட்டியும் வெறுங்கூடாக அதன் பக்கத்தில் கிடந்தது. மர்ஸூக் போன பிறகு மத்தேயு கதவைச் சாத்திவிட்டு சுவிட்சைப் போட்டான்.

"ஓடுதாங்க?"

"வெளக்கப் பாரு. எரியுது."

"மாதாவே, மூச்சு வுடுற சத்தங்கூட இல்லையே!"

உண்மைதான். அந்த லயத்தில் அதுவரை அப்படியொரு அமைதி இருந்ததில்லை. சுவரில் எறும்பு ஏறுகிற சத்தம் கேட்டது என்று மத்தேயு பின்னால் சொன்னான், நான் மறுக்கவில்லை. இருதயம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். அவன் மகளின் பேச்சைப் போட்டான்.

ஸ்பீக்கரிலிருந்து மழை கொட்டியது.

இருதயம்மா திடுக்கிட்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "என்னாங்க, பழைய பொட்டியையும் போட்டுட்டீங்களா?"

மத்தேயு ஸ்பீக்கரின் திருகைக் குறைத்தான். அமைதி. கூட்டினான். அதே ஃபேன், அதே தொண்டை கிழிகிற கத்தல், மகளின் குரலோடு பின்னிக்கொண்டு. அன்று அவன் தேத்தண்ணி குடிக்கப் போனபோது மைக் தன் வேலையைச் செய்திருக்கிறது. கசெட்டையும் கேட்டது, பக்கத்திலேயே கத்திக்கொண்டிருந்த பெட்டியையும் கேட்டது. "மைக்குப் பக்கத்துல சத்தம் போடாதீங்க, அது எல்லாத்தையும் எடுத்துக்கும்" என்று எத்தனை திருவிழாவில் சனங்களை அதட்டியவன் அவன்!

"அந்த எடத்துப் பேரு" என்றாள் ஜெசீகா. அதன் பிறகு ஃபேன். புதுப் பெட்டியின் அமைதியில் அதன் ஒரு கடகடப்பும் தப்பாமல் கேட்டது.

"இனிமே கேக்காதா?"

"கேக்காது."

"வேற பொட்டி ஏதாச்சும்..."

"எந்தப் பொட்டியிலயும் கேக்காது, இருதயம்."

அவள் அந்தச் சின்ன விளக்கைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டாள்.

"அப்ப அந்தக் கசெட்டு நம்ம கையில இருந்தப்ப, அவ பேசுனது அதுல சுத்தமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நான் கோழி குஞ்சு பொரிச்ச கதையெல்லாம் சொன்னேனே, அது அந்த எடத்துலதானா?"

மத்தேயு சுவிட்சை அணைத்தான். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அன்று நிமிர்ந்தாள். "நாடா மிச்சமிருக்கு, பேசு" என்றது அவன்.