கபுருஸ்தானில் கல் பொறுக்கிய கதை

எங்கள் ஊர் கபுருஸ்தானில் கொஞ்சம் வெயில் படவேண்டுமென்றால் யாராவது மௌத்தாக வேண்டும். அப்போதுதான் அரிவாள் உள்ளே போகும். சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நடக்கிற அகலத்துக்குக் கருவையை வெட்டி, குழிக்கு ஓர் இடம் ஒதுக்கி, அடக்கம் முடிந்ததும் எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அடுத்த மழைக்குள் அந்த வழி மூடிவிடும். வெட்டுவதற்கு ஆள் எங்கே? நாற்பது வீட்டுத் தெருவில் மீசை முளைத்தவன் ஒவ்வொருவனும் மலேயாவிலோ சிங்கப்பூரிலோ ஏதோ ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தான். மிஞ்சிய ஆண்பிள்ளைகள் என்றால் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மூச்சிரைப்புக்கார முத்தவல்லி, பாங்கு சொல்லும், ஒரு கண்ணில் புரை விழுந்த மோதினார், இன்னும் நாலைந்து கிழவர்கள். பெண்கள் நாங்கள் வேண்டிய மட்டும் இருந்தோம். ஆனால் பெண்கள் கபுருஸ்தானுக்குள் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது.

என் அம்மா மௌத்தாகி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. தம்பி கோலாலம்பூரில் இருந்தான். தந்தி அவன் கைக்குக் கிடைக்கும்போது இங்கே அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது. நான் கூட இருந்தேன். குளிப்பாட்டினேன், கபன் துணி உடுத்தினேன், வாசல்வரை போனேன். வாசலோடு சரி. சந்தூக்கின் ஒரு முனையைத் தூக்கிய என் வீட்டுக்காரரும் அடுத்த மாதமே சிங்கப்பூர் கப்பலேறிவிட்டார். ஆக, அம்மா எந்த இடத்தில் கிடக்கிறாள் என்று அவள் பெற்ற இரண்டு பேருக்கும் தெரியாது. மோதினாருக்குத் தெரியும். குழி பார்த்தவர் அவர்தான்.

"பெரிய சங்கஞ்செடி ஒண்ணு இருக்கும்மா, அதுக்குக் கெழக்கால. தலமாட்டுக் கல்லு கொஞ்சம் சாஞ்சாப்ல இருக்கும்" என்பார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்த ஆவணியில் தம்பியிடமிருந்து கடுதாசி வந்தது. பதினைந்து நாள் லீவு கிடைத்திருக்கிறதாம். "அக்கா, விருந்து அது இதுன்னு எதுவும் செய்யாதே. அம்மா முகத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அம்மா கபுர்கிட்டயாவது ஒரு தடவை நிற்கவேண்டும்" என்று எழுதியிருந்தான். படித்துவிட்டு நேரே போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். கருவையும் காட்டாமணக்கும் சுவர் உயரத்துக்கு நின்றன. பாம்புகூட யாரிடமாவது வழி கேட்டுத்தான் போகவேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் எனக்குச் சீக்கிரம் வரும், இருபது வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவளுக்கு வராமல் என்ன செய்யும்?

முத்தவல்லியிடம் போனேன். "பாத்துக்கலாம்மா" என்றார். பத்து வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த லட்சணம்தான் சுவருக்கு மேலே தெரிந்ததே. நான் வேறு வழியில் வந்தேன். புது ஆட்சி வந்து நில உச்சவரம்புப் பேச்சு டீக்கடைக்கு டீக்கடை அடிபட்ட காலம் அது. சர்வேயர் சங்கிலியோடு எந்தப் பக்கம் போனாலும் ஊர் பத்திரப் பெட்டியைத் திறக்கும்.

"தாலுக்கா ஆபீஸ்லேர்ந்து வர்றாங்களாம். காடாக் கெடந்தா தரிசுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்களாம்ல?" என்றேன். அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. முத்தவல்லி ஈஸிசேரிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஆளுக்கு ஏற்பாடு பண்ணும்மா" என்றார்.

ஆளுக்குப் பஞ்சமில்லாத சமயமாகவும் அது அமைந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, நாற்றங்காலில் நாற்று நின்று, நடவுக்கு மட்டும் ஆள் இறங்கவில்லை. கூலிக்காகப் போராட்டம். வரப்பு வரப்பாகச் செங்கொடி நட்டிருந்தார்கள். நான் அவர்கள் தெருவுக்கே போனேன். அங்கே நடவுப் பெண்களுக்குத் தலைமையாக ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அவள் பேத்தி என் வகுப்பில் படித்தாள். அவள் என்னை நீங்க என்பாள், நான் அவளை நீ என்பேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவே இல்லை. சங்கத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"செத்தவங்க மிராசு இல்லீல்ல, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க டீச்சரம்மா."

பதினைந்து பெண்கள் வந்தார்கள். மூன்று நாள் வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய், வாய்க்கால் கரையில் நின்று, சுவருக்கு மேலே தலையை நீட்டி அதிகாரம் பண்ணுவேன். முதல் நாள் சாயங்காலம் மிராசுதார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். இறங்கி நின்று பார்த்தார்.

"என்ன டீச்சர் இது, எங்க நாத்து முத்திக்கிட்டு நிக்கிது, இவளுவ இங்க வந்து களை எடுக்கிறாளுவ!"

"நீங்க பேசித் தீத்துக்குங்க, வந்து நட்டுட்டுப் போறாங்க. எனக்குத் தம்பி வர்றான், நான் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றேன்.

அவர் பெடலை மிதித்த வேகத்தைப் பார்த்து உள்ளே பதினைந்து பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மூத்தவள் சுவரோரம் வந்தாள்.

"நீங்க ஏன் டீச்சரம்மா வெளியவே நிக்கிறீங்க?"

"பொம்பளைங்க உள்ள போகக்கூடாது."

"அப்ப நாங்க?"

நான் முந்தானையைச் சரிசெய்தேன். அவள் அதற்கும் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு, சுவரு, கதவு எல்லாம். எங்களுக்கு சுடுகாடு இருக்கு, போறதுக்குப் பாதைதான் இல்ல. அந்தா போறாரே, அவரு வயல்ல நடவு ஆயிட்டா வரப்புல ஒத்தையடியாத் தூக்கிட்டுப் போவோம். போன வருசம் எம் மாமியாரத் தூக்கிட்டுப் போறப்ப ரெண்டு பேரு சேத்துல விழுந்தாங்க" என்று சொல்லிவிட்டு, அரிவாளைத் தீட்டப் போய்விட்டாள். மாமியாரும் விழுந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் நாள் போனால், நான் நிற்கிற இடத்தில் கல் பாவியிருந்தது. தட்டைக் கற்களாகப் பார்த்து நெருக்கிப் பதித்து, ஆடாமல் மண் கொடுத்து, அழகான ஒரு மேடை. "சேத்துலயே நிக்கிறீங்க, சேத்துப்புண்ணு வந்துடும்னு போட்டோம்" என்றாள். நெகிழ்ந்துபோனேன். என் கால் நனைவதைப் பற்றி அதுவரை ஒருவரும் கவலைப்பட்டதில்லை, கல்யாணம் பண்ணிக்கொண்டவர் உட்பட. செருப்புக் காலோடு ஏறி நின்றேன். இரண்டு சாயங்காலம் அதன் மேல் நின்று, அங்கே வெட்டு, இங்கே கூட்டு என்று ஏவினேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தபோது சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் தெரிந்தது. இவ்வளவு இடமா என்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மோதினாரைக் கூப்பிட்டு வரச்சொன்னேன். அவர் வந்து நல்ல கண்ணைச் சுருக்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காலடியைப் பார்த்தார்.

"கீழ எறங்கு தாயி" என்றார். "அது மீசான் கல்லு."

கபுரின் தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக நடுகிற கல்லைத்தான் அப்படிச் சொல்வோம். எங்கள் தெருவில் அதில் பெயர் எழுதுகிற பழக்கமில்லை. வெறும் கல்தான், இந்தக் கல் இன்னாருடையது என்பது நட்ட இடத்தில்தான் இருக்கிறது. ஆற்று வண்டல் மண்ணில் கல் கிடைக்காது என்று எங்கிருந்தோ வண்டி வைத்துக் கொண்டுவந்தவை. வயலில் தப்பித்தவறி ஒரு கல் கிடந்தால் காலைக் கிழிக்கும், அரிவாளை மழுக்கும். கண்டால் பொறுக்கி வரப்பில் போடுவதுதான் அவர்கள் கை பிறந்ததிலிருந்து பழகிய வேலை. பொறுக்கிவிட்டார்கள். ஒன்று விடாமல்.

நான் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்று இப்போது எழுத மாட்டேன். மூத்தவள் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மேட்டத் தொடல டீச்சரம்மா. உள்ள ஆளு இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? கல்லுதானேன்னு நெனச்சோம். கல்லுல என்ன இருக்குன்னு யாருமே சொல்லலியே."

யாரும் என்றால் யார்? நான்தான். மூன்று நாளும் சுவருக்கு மேலே தலையை நீட்டி உலகத்துக்கெல்லாம் பாடம் நடத்தியவள் இந்த ஒரு வரியைச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் இல்லை. மறுநாள் அவர்கள் கூப்பிடாமலே வந்து, அத்தனை கல்லையும் வாய்க்காலில் கழுவி, உள்ளே சுவரோரம் வரிசையாகச் சாத்தி வைத்துவிட்டுப் போனார்கள்.

"சங்கஞ்செடியும் இல்ல, கல்லும் இல்ல. நான் எதப் புடிச்சுக்கிட்டு எடம் சொல்லுவேன்?" என்றார் மோதினார். தெருவில் என் பெயர் நாறியது. "டீச்சர் சுத்தம் பண்ணினாங்க, ரொம்பச் சுத்தமாவே பண்ணிட்டாங்க" என்று நான் போகும்போது காதில் விழுகிற மாதிரி சொன்னார்கள். சொல்லட்டும். தம்பி நாலு நாளில் வந்துவிடுவான், அவனுக்கு என்ன சொல்வது என்பதுதான் என் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

கடைசியில் ஒரு பொய்யைத் தயார் பண்ணினேன். கிழக்குப் பக்கத்தில் பார்க்க லட்சணமாக ஒரு மேடு இருந்தது. மோதினாரைக் கெஞ்சி, அதில் இரண்டு கல்லை நடவைத்தேன். தலைமாட்டுக் கல்லைக் கொஞ்சம் சாய்த்தே வைக்கச் சொன்னேன். "இதுதான்னு கையைக் காட்டுங்க, போதும்" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றார்.

தம்பி வியாழக்கிழமை வந்தான். முன் தலையில் முடி போயிருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவனும் மோதினாரும் கபுருஸ்தானுக்குள் போனார்கள், நான் சுவரோரம் நின்றேன். மோதினார் அந்த மேட்டின் முன்னால் நின்றார். கை பாதிவரை எழுந்தது. அப்புறம் இறங்கிவிட்டது. தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி சுவருக்கு வந்தான். "என்னக்கா, இவரு அழுவுறாரு?"

சொல்லிவிட்டேன். காடாகக் கிடந்தது, வெட்டியது, பொறுக்கியது, நான் அதன் மேல் செருப்போடு நின்றது, இந்தச் சாய்ந்த கல் வரை எல்லாவற்றையும். கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் திரும்பி மேடுகளைப் பார்த்தான்.

"மேடு எல்லாம் அப்படியே இருக்குல்ல?"

"மேட்டத் தொடலியாம்டா."

"அப்ப சரி" என்றான்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கதவோரத்து முதல் மேட்டிலிருந்து ஆரம்பித்தான். சலாம் சொன்னான், கையேந்தினான், நின்றான், அடுத்ததற்குப் போனான். ஒவ்வொன்றிலும் அம்மாவிடம் நிற்பது மாதிரியேதான் நின்றான். ஒன்றில்கூட அவசரப்படவில்லை. நல்ல வெயில். மோதினார் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போய்விட்டார். நான் சுவருக்கு வெளியே கரையோடு கரையாக அவன் கூடவே நகர்ந்தேன். சேறு கணுக்கால் வரைக்கும் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி அவன் திரும்பி வந்தபோது என் சேலைக் கரையிலும் சேறு ஏறியிருந்தது.

"முடிஞ்சுதுக்கா."

நான் கடைசியாக ஒருமுறை உள்ளே பார்த்தேன். வடக்கு மூலையில், மண் இறங்கித் தரையோடு தரையாகப் போன ஒரு மேடு இருந்தது. பக்கத்தில் நடக்கிறவனுக்குத் தெரியாது, வெளியிலிருந்து பார்த்தால்தான் நிழல் விழுந்து தெரிந்தது.

"டேய், அந்த மூலையில ஒண்ண விட்டுட்டடா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அவன் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நடந்தான். அங்கே போய் நின்றான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. அவன் கையேந்தியதும் என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, தம்பி வந்திருக்கான்மா" என்றேன். வாசலைத் தாண்டி அவளைத் தூக்கிக்கொண்டு போனபிறகு நான் அவளிடம் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தை அது.