யார் சொல்லித் திறந்தது

நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற காகிதத்தைப் படிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒட்டினவர் ஒருவர், லீவு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறவர் இன்னொருவர். அந்த போர்டு முன்னால் அன்றைக்குக் கூட்டம் நின்றது. வேலை செய்யும் இடத்திலும் குடியிருக்கும் பகுதியிலும் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்த ஊழியருக்கு நிர்வாகம் விருது தரப்போகிறதாம். இருபத்திரண்டு வருஷம் கழித்து இவர்களுக்கு ஞானம் பிறந்திருக்கிறது. சரி, இப்போதாவது பிறந்ததே.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம பம்ப்காரருக்குத்தான்" என்றார் ஃபிட்டர்.

பம்ப்காரர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. மானமாகப் போய்விடலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவர் அவர்.

அது குளிர்பானம் அடைக்கிற தொழிற்சாலை. கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களைக் கழுவ ஒரு பெரிய இயந்திரம் உண்டு. முதலில் காஸ்டிக் சோடா கலந்த சுடுநீர், கடைசியில் நல்ல தண்ணீர். கடைசியாக அலசிய தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அதுவும் சாக்கடைக்குத்தான் போகும். பம்ப்காரர் பதினான்கு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தவர். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு.

அக்கா ஒப்பந்தக்காரரின் ஆள். வீடு தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய சந்தில். அந்தச் சந்தில் அப்போது ஒரு மரம் கிடையாது. புழுதி அடித்துச் சோற்றில் விழும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் டீ டம்ளர் எடுக்க வந்தவள் பம்ப் அறை வாசலில் நின்று சாக்கடையைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, இவ்வளவு தண்ணி சும்மா ஓடுதே, உனக்குக் கண்ணு உறுத்தலையா?"

"கம்பெனி தண்ணிக்கா. நம்ம தண்ணியா?"

"சாக்கடைக்குப் போனப்புறம் அது யார் தண்ணி? சுவருக்கு அந்தாண்ட தள்ளிவிடேன். நான் நாலு மரம் வச்சுக்கறேன்."

பம்ப்காரர் மேலாளரிடம் போய்க் கேட்டார். அப்போதிருந்த மேலாளர் நல்ல மனுஷர். "செய்யி, ஆனா என்கிட்ட கேக்காத" என்றார். பழைய இரும்புக் குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி, ஃபிட்டரைக் கெஞ்சி, சுவரில் ஓட்டை போட்டு, சந்துக்கு ஒரு குழாய் போனது. அக்கா ஏழு வேப்பங்கன்று நட்டாள். பத்தே நாளில் ஏழும் கருகின.

தப்பு பம்ப்காரருடையது. காஸ்டிக் முழுக்க வடியும் முன்பே அவசரக் குடுக்கையாக வால்வைத் திறந்துவிட்டார். அக்கா திட்டவில்லை. ஒரு கருகின கன்றை மட்டும் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதற்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

அதற்கப்புறம் அவளே ஒரு முறை கண்டுபிடித்தாள். மதியம் மூன்று மணிக்குக் கேண்டீன் வேலை முடிந்ததும் சந்துக்குப் போவாள். இவர் வால்வைக் கொஞ்சமாகத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் விடுவார். அவள் இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். வழுக்கினால் காஸ்டிக் இருக்கிறது, வாளியைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பாள். வழுக்காவிட்டால் குழாய்மேல் கல்லால் இரண்டு தட்டு. திற என்று அர்த்தம். மரத்துக்குப் போதுமென்றால் ஒரு தட்டு. மூடு. சுவருக்கு இந்தப் பக்கம் பம்ப் அறையில் அது கணீரென்று கேட்கும்.

பம்ப் அறையில் ஒரு லாக் புத்தகம் உண்டு. எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறந்தோம், யார் சொல்லித் திறந்தோம் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். யார் சொல்லி என்ற கட்டத்தில் மேற்பார்வையாளர் பேர் வரும். பின்குழாய்க்கு மேற்பார்வையாளர் யார்? முதல் நாள் பம்ப்காரர் யோசித்துவிட்டு, "அக்கா" என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள்? அதுவே பழக்கமாகிவிட்டது.

மறுபடி நட்ட ஏழு கன்று நாற்பதாயிற்று. சந்துக்கு நிழல் வந்தது. அந்த வருஷங்களைப் பம்ப்காரர் இன்றைக்கும் நினைத்துக்கொள்வார். மூன்று பத்துக்குத் தட்டு வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த மதியங்கள் அவை. பெரிய சந்தோஷம் என்று அப்போது தெரியவில்லை. டீ ஆறிப்போகுமே என்று சலித்துக்கொண்டவர்தான் அவர்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அது நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். மாடியிலிருந்து பின்சந்தைப் பார்த்துவிட்டு, "இது யார் வேலை?" என்றார். எல்லாரும் பம்ப்காரரைக் காட்டினார்கள். கேமரா வந்தது, கை குலுக்கல் வந்தது. அக்கா பத்தடி தள்ளி டம்ளர் தட்டோடு நின்றிருந்தாள். ஒரு வார்த்தை, "இது அக்கா சொன்னது சார்" என்று ஒரே ஒரு வார்த்தை. நாலு பேர் முன்னால் பம்ப்காரருக்கு நாக்கு எழாது, பிறவிக் குணம். ஆனால் அன்றைக்கு எழாததற்குக் காரணம் அது மட்டுமில்லை. அந்தக் கைதட்டல் கொஞ்சம் இனித்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனிப் பத்திரிகையில் படம் வந்தது. அக்கா அதை வெட்டி, கேண்டீனில் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு மேலே ஒட்டினாள். "நல்லாத்தான் இருக்கே. சட்டையை மட்டும் மாத்திட்டு வந்திருக்கலாம்" என்றாள். மறுநாள் மூன்று பத்துக்கு இரண்டு தட்டு, வழக்கம்போல. அது வராமல் இருந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

அடுத்த வருஷம் ஒப்பந்தக்காரர் மாறினார், அக்காவுக்கு வேலை போயிற்று. தட்டு மட்டும் நிற்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் நிர்வாகம் வால்வுக்குத் தானாகத் திறக்கிற கருவி பொருத்தியது. தண்ணீரைச் சோதிப்பதும் அதுவே. அன்றோடு குழாய் ஊமையானது. அவரும் சந்துப் பக்கம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

அந்தப் பெரிய அதிகாரி அன்றைக்குப் பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரம் அவர் வீட்டில் மாட்டியிருந்தது. மனைவிக்கு விஷயம் தெரியும். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சீங்க. இந்தத் தடவையும் மறைச்சா, அந்தக் கடிகாரத்தைக் கழட்டி நானே அக்கா வீட்ல கொடுத்துட்டு வந்துருவேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

பணியாளர் பிரிவிலிருந்து ஓர் இளம் அதிகாரி படிவத்தோடு வந்தாள்.

"இது என் வேலை இல்லம்மா. கேண்டீன் அக்கா சொல்லிச் செஞ்சது. அவங்களுக்குக் கொடுங்க."

"ஊழியருக்கு மட்டும்தான் சார் தர முடியும். அவங்க ஊழியரா இருந்ததுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லையே."

"அப்போ எனக்கும் வேண்டாம்."

"நீங்க வேண்டாம்னா ஆபீஸ்ல லைட்டை அணைக்கச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டினவருக்குப் போயிடும்." அவள் சிரிக்கவில்லை. "ஆதாரம் ஏதாவது இருக்கா சார்?"

அவர் அலமாரியைத் திறந்தார். பத்தொன்பது வருஷ லாக் புத்தகங்கள். அவள் நின்றபடியே புரட்ட ஆரம்பித்தாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள். பக்கத்துக்குப் பக்கம் அக்கா, அக்கா, அக்கா.

"கமிட்டியில காட்டறேன்" என்றாள்.

காட்டினாள். விதி விதிதான் என்றார்கள். வெளியாட்களுக்கு விழாவில் அனுமதி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவள் தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றைச் செய்தாள். விழாவை மாடியிலிருந்து பின்கட்டுக்கு, பம்ப் அறை வாசலுக்கு மாற்றினாள். மதியம் மூன்று மணிக்கு வைத்தாள். இரண்டு ஒலிபெருக்கியில் ஒன்றைச் சந்தை ஒட்டிய பின்சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னாள். ஏன் என்று கேட்டவர்களிடம், எதிரொலி வராமலிருக்க என்றாள்.

பம்ப்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேடயம் கொடுத்தார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைப் பார்த்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவருக்குத் தன்னைத் தெரியும், அதனால்தான் கையோடு புத்தகம் கொண்டுவந்திருந்தார். பேசத்தானே வராது, படிக்க வரும்.

"திங்கட்கிழமை. மூணு பத்து, பின்குழாய் திறந்தேன். யார் சொல்லி: அக்கா. செவ்வாய்க்கிழமை. மூணு பன்னண்டு, திறந்தேன். யார் சொல்லி: அக்கா. புதன்கிழமை. அக்காவுக்குக் காய்ச்சல். திறக்கவில்லை."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஃபிட்டர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பம்ப்காரர் காகிதத்துண்டு செருகி வைத்திருந்த பக்கத்துக்குப் போனார்.

"தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். என்னைப் படம் எடுத்தார்கள். மூணு பத்து, திறந்தேன். யார் சொல்லி..." புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். "அக்கா. அன்னிக்கு வாயால சொல்லல. நாலு பேர் கை தட்டினதும் நானே செஞ்ச மாதிரி நின்னுட்டேன். என் கை மட்டும் உண்மையை எழுதியிருக்கு. இந்தக் கேடயம் என்னோடது இல்ல. அந்த மரம், அந்த நிழல், அந்த யோசனை எல்லாமே..."

கணீர்.

குழாயில் ஒரு தட்டு. பம்ப் அறைக்குள்ளிருந்து அது வாசல்வரை கேட்டது. மேலாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். எங்கோ ஏதோ கழன்றுவிட்டதென்று இரண்டு பேர் உள்ளே ஓடினார்கள்.

பம்ப்காரர் காத்திருந்தார். இரண்டாவது தட்டு வரவில்லை.

ஒரு தட்டுத்தான். போதும், மூடு.

மூன்று வருஷமாகக் கேட்காத உத்தரவு. அவர் புத்தகத்தை மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பம்ப் அறைக்குள் போனார். புதுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அன்றைய தேதியிட்டு எழுதினார்: மூன்று முப்பத்தைந்து. பேச்சை நிறுத்தினேன். யார் சொல்லி: அக்கா.